தொண்டைப் புற்றுநோயும் குரலும்



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருவோரில் சிலர், தொண்டையில் கட்டி என்று தெரிந்த பின்னும் மாதக்கணக்கில் கஷாயம் குடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். கேட்டால், "குரல்வளையை எடுத்துவிடுவார்கள், ஊமையாகிவிடுவேன்" என்கிறார்கள். இந்தப் பயம் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அறிந்துகொள்வது நம் கடமை.

1873-ல் வியன்னாவில் பில்ரோத் என்ற மருத்துவர் புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் அகற்றினார். முற்றிய கட்டிக்கு நெடுங்காலம் அதுவே வழியாக இருந்தது. 1991-ல் அமெரிக்காவில் 332 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. அறுவைக்குப் பதிலாகக் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது. உயிர் பிழைப்பதில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை.

கட்டி சிறிதாக இருந்தால் கதிர்வீச்சு அல்லது லேசர் மட்டுமே போதுமானதாகலாம். சற்றுப் பெரிதானால், நோயுள்ள பகுதியை மட்டும் வெட்டி, மீந்த குருத்தெலும்பை மேலே இழுத்து நாவடி எலும்போடு தைத்துவிடும் அறுவை சிலருக்குப் பொருந்தும். குரல் கரகரக்கும், விழுங்குவதற்குப் புதிதாகப் பழக வேண்டும். ஆனால் மூக்கு வழியே மூச்சு விடலாம், பேசலாம்.

குரல்வளை முழுவதும் போனாலும் பேச்சு போய்விடாது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சிறு வால்வு பொருத்தினால் பேச முடியும். வெளிநாட்டு வால்வுகள் பல ஆயிரம் ரூபாய் விலை. பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் அதைச் சுமார் 50 ரூபாய் செலவில் உருவாக்கிக் காட்டினார்.

இவர்கள் கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுவார்கள். அதில் தண்ணீர் போனால் நேரே நுரையீரலுக்குப் போகும். எனவே உளூவிலும் குளிப்பிலும் துளையை மூடிக் காக்க வேண்டும். ஓத இயலாதவரின் தொழுகையும் நிறைவேறும். மார்க்கம் இயலாததைச் சுமத்தவில்லை. விவரங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குரல்வளை தப்புமா என்பதை முக்கியமாக முடிவு செய்வது, எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், விழுங்கும்போது வலி, காதுக்குள் குத்தல், கழுத்தில் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கட்டாயம் போக வேண்டும். அதை விடவும் வேண்டும்.

பேசின் பிரிட்ஜிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்க நாங்கள் உதவுகிறோம். தனியாகப் போகத் தயங்குபவர்களுடன் இன்ஷா அல்லாஹ் நம்மில் ஒருவர் வருவார்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.