பயப்பட வேண்டியது எதற்கு? கருத்தடை மாத்திரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மகளுக்கு 19 வயது. நீர்க்கட்டிப் பிரச்சினை, மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நீட்டும்போது, "இது கருத்தடை மாத்திரைம்மா" என்கிறார் மருந்துக்கடைக்காரர். அம்மாவின் முகம் மாறிவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் அந்த அட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் போய்விடுகிறது. மகள் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான். நீர்க்கட்டிக்கும் எழுதப்படும் இந்த வகை மாத்திரைக்கு உதாரணமாக, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையைப் பாருங்கள். அதில் 28 மாத்திரைகள் இருக்கும். முதல் 21-இல் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோன்கள் உண்டு. கருமுட்டை வெளிவராமல் தடுப்பது அவைதான். கடைசி 7 மாத்திரைகளில் இருப்பது வெறும் இரும்புச்சத்து. அந்த நாட்களில்தான் உதிரப்போக்கு வரும்.

நம்பிக்கை: மாத்திரை சாப்பிட்டால் பிறகு குழந்தையே தங்காது.

உண்மை: இந்த ஹார்மோன்கள் உடம்பில் தேங்குவதில்லை, சில நாட்களில் வெளியேறிவிடும். மாத்திரையை இரண்டு மூன்று நாள் மறந்தாலே கரு தரிக்க வாய்ப்பு வருவது அதனால்தான். நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மாதங்களில் கருமுட்டை வெளிவரத் தொடங்கிவிடுகிறது. முன்பே மாதவிலக்கு தவறிக்கொண்டிருந்தவர்களுக்கு, மாத்திரையை நிறுத்தியதும் பழைய தொல்லை திரும்பலாம். அந்தப் பழி மாத்திரையின் மேல் விழுகிறது.

நம்பிக்கை: உடம்புக்கு ஓய்வு தர அவ்வப்போது சில மாதம் நிறுத்த வேண்டும்.

உண்மை: தேவையில்லை. ரத்தம் உறையும் ஆபத்து, மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் அதிகம். விட்டுவிட்டுத் தொடங்கினால் அந்த ஆபத்தான காலத்துக்குள் மறுபடியும் நுழைகிறோம்.

நம்பிக்கை: உடம்பு ஊதிவிடும்.

உண்மை: மாத்திரையால் எடை பெரிதாகக் கூடுகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. குமட்டல், மார்பக வலி, தலைவலி, இடையில் லேசாக ரத்தம் படுதல் ஆகியவை வரலாம். இவை பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். மனம் சோர்ந்துபோனால் மட்டும் பொறுத்துக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம்பிக்கை: புற்றுநோய் வரும்.

உண்மை: இதற்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களின் ஆபத்தை மாத்திரை குறைக்கிறது. அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பின்னும் பல ஆண்டுகள் நீடிக்கிறது. மார்பகப் புற்றுநோய் ஆபத்து, சாப்பிடும் காலத்தில் சிறிதளவு கூடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சாப்பிட்டால் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. நிறுத்தியபின் இரண்டும் படிப்படியாகக் குறைகின்றன.

நம்பிக்கை: சாதாரண மாத்திரைதானே, கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உண்மை: உண்மையில் பயப்பட வேண்டிய இடம் இதுதான். மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக் குழாயில் ரத்தம் உறைகிறது. மாலா-என்னில் உள்ள லெவோநார்ஜெஸ்ட்ரெல் வகை மாத்திரையில் இது 5 முதல் 7 பேர். நீர்க்கட்டிக்கு அடிக்கடி எழுதப்படும் ட்ரோஸ்பைரினோன் வகையில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் இந்த ஆபத்து இதைவிட அதிகம். ஆகவே ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு இது சிறிய ஆபத்துதான். ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை.

ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியவர்கள், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்கள், கண்ணில் ஒளிக்கீற்று தெரிந்தபின் ஒற்றைத் தலைவலி வருபவர்கள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோயோ மார்பகப் புற்றுநோயோ உள்ளவர்கள், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டுபவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை உகந்ததல்ல. காப்பர்-டி போன்ற வேறு வழிகள் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் இதன் பலனைக் குறைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், பேச்சு குழறினாலும், இதுவரை வராத கடும் தலைவலி வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை: கோயிலுக்குப் போக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையும் இதுவும் ஒன்றுதான்.

உண்மை: அதற்கு வழக்கமாகத் தருவது நோரெதிஸ்டிரோன் என்ற வேறு மருந்து. அதைக் கருத்தடையாக நம்பக் கூடாது.

இனி மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என் ரத்த அழுத்தம் எவ்வளவு? என் தலைவலி எந்த வகை? நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா? கிராமத்தில் இருந்தால் சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு, மாத்திரை அட்டையைப் புடவைக்கு அடியில் மறைக்க வேண்டிய அவசியம் இருக்காது.