பாடிப் போகிறவனின் மூச்சு

அன்புத் தம்பிக்கு,

கபடி மைதானத்துக்குப் போகும் முன் அரை மணி நேரம் கபாலபாதி என்னும் வேக மூச்சுப் பயிற்சி செய்வதாகவும், அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி ரெய்டில் களைப்பே வராது என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தாய். பிராணாயாமத்தை விட்டுவிடாதே. ஆனால் அது எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்து செய்.

நோயில்லாத உடம்பில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஹீமோகுளோபினில் 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் நிரம்பியிருக்கும். வேகவேகமாக மூச்சு விட்டு அதற்கு மேல் ஏற்ற இடம் அதிகம் இல்லை. வேக மூச்சில் பெரிதும் மாறுவது கார்பன் டை ஆக்சைடு. அது குறையும்போது மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். சக்தி ஏறுகிறது என்று அதை நம்பிவிடாதே.

கிணற்றில் முங்கி மூச்சடக்கும் பந்தயம் பற்றியும் எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மூச்சை அடக்கும்போது ‘இனி முடியாது’ என்று உடம்பு தவிப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால்தான். வேக மூச்சு விட்டு அதை முன்பே குறைத்துக்கொண்டு முங்கினால் அந்தத் தவிப்பு தாமதமாக வரும். அதற்குள் ஆக்சிஜன் மிகவும் குறைந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். கபாலபாதியோ பஸ்திரிகா போன்ற வேறு வேக மூச்சுப் பயிற்சியோ செய்துவிட்டு ஒருநாளும் தண்ணீரில் இறங்காதே. அந்தப் பந்தயமே வேண்டாம்.

சரி, ஆட்டத்துக்கு எது உதவும்? ஒரு ரெய்டு 30 விநாடி. ‘கபடி, கபடி’ என்ற பாட்டு அறுந்தால் எதிரணிக்குப் புள்ளி. பாடிக்கொண்டே போவது என்றால் மூச்சைச் சீராக வெளியே விட்டுக்கொண்டே போவதுதான். பதற்றத்தில் தோளைத் தூக்கி அரை மூச்சு எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறவனுக்கு நடுவிலேயே குரல் கம்மும். ஆகவே உனக்கு வேண்டியது நீண்ட ரேசகம், அதாவது மூச்சை நிதானமாக வெளியே விடுவது. வயிறு எழும்ப 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. பயிற்சி முடிந்து உடம்பு ஆறிய பிறகோ, படுக்கும் முன்போ பத்து நிமிடம் போதும். இதயத் துடிப்பு நிதானப்படும், மனம் அடங்கும். ரெய்டு முடித்துத் திரும்பியதும் மட்டும் இதைத் திணிக்காதே. அப்போது இளைப்பு வாங்குவது உடம்பின் தேவை, வாங்கட்டும்.

திருமந்திரம் சொல்லும் கணக்கு பூரகம் (உள்ளிழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் 32 மாத்திரை. அது குருவின் அருகில் அமர்ந்து வருடக்கணக்கில் பழகுகிறவருக்கு உரியது. போட்டிக்கு முன் நீ அதை முயலவே கூடாது.

இன்னொன்று, கடும் உழைப்பில் மூச்சுத் தசைகள் களைத்தால் கால்களுக்குப் போகும் ரத்தம் குறையும். அந்தத் தசைகளுக்கு ஓட்டமும் நல்ல பயிற்சிதான். பாயில் உட்கார்வதற்காக ஓட்டத்தைக் குறைத்தால் நஷ்டம் உனக்கு.

இதையெல்லாம் சோதித்துப் பார்ப்பது மரபுக்கு அவமரியாதை ஆகாது. 1924-இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர் யோகப் பயிற்சிகளை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர். நீயும் அளந்து பார். ஓடி முடித்ததும் நாடித் துடிப்பை எண்ணு. ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணு. இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் குறித்து வை. அடுத்த முறை வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.