"புரிந்ததா?" என்று கேட்டால் போதுமா?



வேலை வழிகாட்டல் கேட்டு நம்மிடம் வரும் இளைஞர்கள் பலர் ஒரே மாதிரியான கதையைச் சொல்கிறார்கள். முதலாளி ஒரு வேலையைச் சொல்லி, "புரிந்ததா?" என்றார். "சரிங்க பாய்" என்று தலையாட்டிவிட்டு வந்தார் பையன். பாதிதான் புரிந்திருந்தது. திரும்பக் கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்பாரோ என்று பயம். சரக்கு மாறிப் போனது. வேலையும் போனது.

இதில் தவறு பையனுடையது மட்டுமா? "புரிந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். உண்மையில் என்ன புரிந்தது என்பது இருவருக்குமே தெரியாது. இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு விபத்து சாட்சியாக இருக்கிறது.

1977 மார்ச் 27. ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளில், டெனெரீஃப் விமான நிலையம். கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். நெதர்லாந்து விமானம் ஒரு முனையில் புறப்படத் தயாராக நின்றது. அமெரிக்க விமானம் அதே பாதையில் இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

நெதர்லாந்து விமானம் அனுமதி கிடைக்காமலேயே ஓடத் தொடங்கியது. துணை விமானி வானொலியில் சொன்ன சொற்களை, "புறப்படக் காத்திருக்கிறோம்" என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் எடுத்துக்கொண்டது. "பொறுங்கள்" என்று கோபுரம் சொன்ன அதே நொடியில் அமெரிக்க விமானியும் பேசியதால், இரண்டு குரலும் மோதித் தெளிவாகக் கேட்கவில்லை. அப்போது நெதர்லாந்து விமானத்தின் பொறியாளருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. அந்த விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். தலைமை விமானி மிக மூத்தவர்; மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தருபவர். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் மேலும் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

சரியான கேள்வி சரியான நேரத்தில் கேட்கப்பட்டது. ஆனால் நின்று விசாரிக்க யாரும் இல்லை. அதன் பிறகு விமானத் துறையில் பேசும் முறையே மாறியது. ஓடுபாதை உத்தரவுகளை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது கண்டிப்பானது. இளையவர் துணிந்து பேசவும், மூத்தவர் செவிகொடுக்கவும் பயிற்சி தரப்பட்டது.

நம் கடைக்கும் பட்டறைக்கும் இதே முறை பொருந்தும்.

1. வேலை சொல்பவர், "புரிந்ததா?" என்பதற்குப் பதிலாக, "முதலில் என்ன செய்யப் போகிறாய், சொல்லு" என்று கேட்கட்டும். புரிந்ததும் புரியாததும் அங்கேயே தெரிந்துவிடும்.

2. கேட்பவர் திருப்பிச் சொல்லட்டும். "எட்டாம் நம்பர் சைஸ், 200 ஜோடி, நாளை காலை 10 மணி லாரியில். சரிதானே பாய்?"

3. சந்தேகம் வந்தால், கண்ணால் பார்த்ததைச் சேர்த்துக் கேட்கட்டும். "எல்லாம் சரியாக இருக்குமா?" என்றால் "இருக்கும்" என்று பதில் வரும். "பில்லில் 200 இருக்கிறது, பெட்டியில் 180தான் இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் எண்ணிவிடலாமா?" என்றால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால், மரியாதையோடு இன்னொரு முறை கேட்கலாம்.

4. மூத்தவர் கைவேலையையும் போனையும் நிறுத்திவிட்டு, முழுவதும் கேட்கட்டும். ஒரு முறை எரிந்து விழுந்தால், அந்தப் பையன் அடுத்த முறை வாய் திறக்கமாட்டான். நஷ்டம் நமக்குத்தான்.

இதற்கான பழக்கம் வீட்டில்தான் தொடங்குகிறது. பிள்ளை ஏதாவது கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று அடக்கிவிடுகிறோம். அத்தாவிடம் கேட்கப் பயந்த பிள்ளை, நாளை முதலாளியிடம் எப்படிக் கேட்கும்? இந்த வாரம் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது, வாங்க வேண்டியதை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அது இடையில் கேள்வி கேட்டால், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

நம்மை நம்பி ஒருவர் ஒப்படைக்கும் வேலை அமானிதம். அதைச் சரியாக முடிப்பதற்காகக் கேட்கும் கேள்வியில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.