புல்லட்டை அறுப்பதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. தாத்தாவின் புல்லட்டைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துக் கழுவியிருக்கிறாய், அதைக் கஃபே ரேசராக மாற்றப் போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். நல்ல வேலை, தாராளமாகச் செய். ஓடிய வண்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போடாமல் மறுபடியும் சாலைக்குக் கொண்டுவர நினைக்கும் பிள்ளையை யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் முதல் வேலையாகக் கட்டிங் மெஷின் வாங்கியிருப்பதாகவும் அவள் சொன்னாள். அதற்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிடு.

கஃபே ரேசர் வண்டிகளை முதலில் கட்டியவர்கள் யார், எதற்காகக் கட்டினார்கள் என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில், பட்டறைகளிலும் ஆலைகளிலும் வேலை பார்த்த இளைஞர்கள் கையில் கொஞ்சம் காசு புரளத் தொடங்கியது. கார் வாங்க அது போதாது. மோட்டார் சைக்கிள் வாங்கப் போதும். லண்டனின் நார்த் சர்க்குலர் சாலையில் ஏஸ் கஃபே என்ற கடை இருந்தது. 1938-ல் லாரி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கியது. போரில் குண்டு விழுந்து இடிந்து, 1949-ல் மறுபடி எழுந்தது. இரவிலும் திறந்திருந்ததால் இளைஞர்கள் அங்கே கூடினார்கள். அவர்கள் கனவெல்லாம் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். அன்று கடையில் வாங்கும் சாதாரண வண்டி அந்த வேகத்தைத் தொடாது. தொட்டாலும் வளைவில் நிலைகொள்ளாது. அதனால் கொல்லைப்புறங்களில் அவர்களே வண்டியைப் பிரித்து மாட்டினார்கள்.

அப்படிப் பிறந்தவற்றில் புகழ் பெற்றது டிரைட்டன். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் தன் தம்பியோடு சேர்ந்து உருவாக்கிய ஃபெதர்பெட் சேசிஸை நார்ட்டன் நிறுவனம் 1950-ல் பந்தயத்தில் இறக்கியது. அதே ஆண்டு ஜெஃப் டியூக் அதில் ஏறி ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை வென்றார். வளைவில் அதற்கு ஈடான சேசிஸ் அன்று இல்லை. ஆனால் எளிதில் சக்தி கூட்டக்கூடிய 650 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் இருந்ததோ டிரையம்ஃப் நிறுவனத்திடம். இன்னொரு சங்கதியும் கூடி வந்தது. அப்போதைய 500 சிசி சிறு பந்தயக் கார்களை ஓட்டியவர்களுக்கு நார்ட்டன் மேன்க்ஸ் எஞ்சின் வேண்டியிருந்தது. நிறுவனம் எஞ்சினைத் தனியாக விற்கவில்லை. முழு வண்டியையும் வாங்கி எஞ்சினைக் கழற்றிக்கொண்டார்கள். எஞ்சின் இல்லாத சேசிஸ்கள் மிஞ்சின. அவற்றில் டிரையம்ஃப் எஞ்சினைப் பொருத்தினார்கள் அந்த இளைஞர்கள். அதுதான் டிரைட்டன்.

அது வெறும் அலங்காரமில்லை. 1965-ல் பார்சிலோனாவின் மான்ட்ஜுயிக் மலைச் சாலையில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் டேவ் டீகன்ஸும் ரெக்ஸ் புட்சரும் ஓட்டி வென்றது ஒரு டிரைட்டன்தான். ஒரு பகலும் ஓர் இரவும் உடையாமல் ஓடியது.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் மாற்றிய ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால் உடலைக் குனிய வைக்க ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள். குனிந்தால் கால் முன்னால் இருக்க முடியாது. ஃபுட்ரெஸ்ட் பின்னுக்குப் போனது. வளைவில் வண்டி சாயும்போது அது தரையில் உரசாமலும் இருந்தது. உடல் பின்னே வழுக்காமல் இருக்க இருக்கையின் முடிவில் ஒரு திமில் வந்தது. ஒன்றை மாற்றினால் அடுத்தது தானாக இழுத்துக்கொண்டு வரும். படத்தில் பார்த்துவிட்டு ஹேண்டில்பாரை மட்டும் தாழ்த்தி, ஃபுட்ரெஸ்ட்டைப் பழைய இடத்தில் விட்டால் முதுகும் மணிக்கட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

ராயல் என்ஃபீல்டுக்கும் இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையிலிருந்து 1960-களின் நடுவில் கான்டினென்டல் ஜிடி என்ற 250 சிசி வண்டி வந்தது. தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில்பார், ஐந்து கியர், ஃபைபர் கிளாஸ் டேங்க் எல்லாம் ஆலையிலேயே பொருத்தி வந்தன. இளைஞர்கள் வீட்டில் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து ஒரு நிறுவனம் தானே செய்து விற்றது. ரெட்டிச் ஆலை பின்னர் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1955-ல், சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவாகத் தொடங்கியிருந்தது. உன் தாத்தாவின் வண்டியும் அங்கே பிறந்ததுதான்.

அதே சென்னை நிறுவனம் 2013-ல் கான்டினென்டல் ஜிடி பெயரில் 535 சிசி கஃபே ரேசரைக் கொண்டுவந்தபோது என்ன செய்தது என்று கவனி. கையில் புல்லட் சேசிஸ் இருந்தும் அதை அறுத்து ஒட்டவில்லை. இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய சேசிஸையே உருவாக்கியது. ஆலையும் பொறியாளர்களும் வைத்திருந்தவர்களே செய்யாததை, வீட்டு வாசலில் ஒரு வெல்டிங் மெஷினை வைத்துக்கொண்டு நீ செய்ய வேண்டாம். சேசிஸில் கை வைக்காதே. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

இனி உன் வண்டி. இரும்பு சிலிண்டர் புல்லட் 346 சிசி. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின் மெதுவாகச் சுழன்று இழுக்கப் பிறந்தது. சீறிப் பாய்வதற்கு அல்ல. சக்தி ஏறத்தாழ 18 குதிரைத்திறன். எடையோ 160 கிலோவுக்கு மேல். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் பேரிங்குக்குப் பதிலாக ஃபுளோட்டிங் புஷ் இருக்கும் பழைய எஞ்சின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நல்ல எண்ணெயும் மிதமான சுழற்சியும் இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தொடர்ந்து முறுக்கினால் இறுகும். இதை 120-ல் ஓட்டும் ஆசையை விடு. 70, 80-ல் லேசாக, நேராக, நம்பிக்கையோடு போகும் வண்டியாக அதை ஆக்கு. புல்லட்டில் கஃபே ரேசர் என்றால் அவ்வளவுதான் பொருள், அதுவே பெரிய சாதனை.

அதனால் அழகு வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் வண்டியை ஆலை கொடுத்தபடியே ஓட வை. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பார்; நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் கோன் செட் போய்விட்டது. ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ஆடினால் புஷ் மாற்று. ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டு. மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கொட்டகையில் கிடந்த டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும், தூக்கிப் போடு. புதிது வாங்கும்போது பழைய 3.25-19 அளவிலேயே வாங்கு. தடித்த டயர் படத்துக்கு நன்றாக இருக்கும். செயினில் உரசும், வளைவில் திரும்பச் சோம்பும். பிரேக் டிரம்மை லேத் பட்டறையில் கொடுத்து வட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல். லைனிங்கைப் புதிதாக ஒட்டு. வேகத்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் பிரேக்குக்கு இரண்டு ரூபாய் செலவழி.

ஸ்பானர் விஷயத்தில் ஒரு குறிப்பு. பழைய புல்லட்டில் பல போல்ட்டுகள் மில்லிமீட்டர் கணக்கில் வராதவை, பிரிட்டிஷ் இஞ்ச் அளவுகள். கையில் கிடைத்த ஸ்பானரை நுழைத்து நெம்பினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். சரியான ஸ்பானர்களை முதலிலேயே தேடி வாங்கு. கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடு, நட்டு போல்ட்டுகளை டப்பா டப்பாவாகப் பெயர் எழுதி வை.

பிறகு ஹேண்டில்பார். புல்லட்டில் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்ப்ஸ் மீட்டர், இரண்டு பைலட் விளக்குகள் எல்லாவற்றையும் தாங்கும் அந்தப் பெரிய அலுமினிய முகம் வெறும் மூடி இல்லை. ஃபோர்க்கின் மேல் முனைகளைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளிப்-ஆன் மாட்டுவது என்றால் மேல் யோக் முழுவதையும் வேறாகச் செய்ய வேண்டும். அதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஃபோர்க் முறுக்கிக்கொள்ளும். நம் ஊர் வேகத்தடைகளையும் பள்ளங்களையும் நினைத்துப் பார்த்தால், பழைய கிளாம்பிலேயே உட்காரும் தாழ்ந்த வளைவுள்ள ஏஸ் பார் உனக்குப் போதும். பழைய பார் பரணில் இருக்கட்டும். வேண்டியபோது திரும்ப மாட்டலாம். மாட்டிய பின் இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார். கையும் கிளட்ச் லீவரும் டேங்கில் இடிக்கக் கூடாது, ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடக் கூடாது.

ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளும்போது புல்லட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். பழைய வண்டியில் கியரும் கிக்கரும் வலது பக்கம். பின்னுக்குப் போன ஃபுட்ரெஸ்ட் கிக்கரின் வழியில் நிற்கும். மடங்கும் வகையாகச் செய்யாவிட்டால் உதைக்கும்போது கால் எலும்பு அடி வாங்கும். கியர் லீவரை அப்படியே பின்பக்கம் திருப்பி மாட்டினால் மேலே போட வேண்டிய கியர் கீழே போய்விடும். ராடு வைத்து இணைப்பதே முறை.

கார்புரேட்டரின் பெரிய ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு கூம்பு வடிவ ஃபில்டர் மாட்டுவது இன்று எல்லோரும் செய்வது. காற்று கூடும், பெட்ரோல் கூடாது, எஞ்சின் கொதிக்கும். ஜெட்டை மாற்றி, ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்: வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், காப்பிக் கொட்டை நிறம் வந்தால் சரி. இந்தச் சோதனைக்குப் பொறுமை இல்லையென்றால் பழைய பெட்டியே இருக்கட்டும். சத்தம் கூடினால் சக்தி கூடியதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். நீ அவர்களில் ஒருவனாகாதே. தெருவில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

டேங்க் துருப்பிடித்திருக்கும். ஓட்டை அடைக்க வெல்டிங் வேண்டுமென்றால் நீ செய்யாதே. காலியான டேங்கில் தங்கும் பெட்ரோல் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, வெடித்தால் உயிர் போகும். டேங்க் வேலையே தொழிலாக வைத்திருப்பவரிடம் கொடு. இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை இளக்கும். பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷர்களையும் புதிதாகப் போடு. வயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றி, ஃபியூஸ் வை. ஒரு மழைக்காலம் தாண்டினால்தான் அது நல்ல வயரிங்.

உதிரி தேடி சென்னை வந்தால் புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் போவோம். பில் இல்லாமல் எஞ்சின் பாகம் எதையும் வாங்காதே. எண் அழிக்கப்பட்ட பாகம் எவ்வளவு மலிவானாலும் தொடாதே.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சேலைக் காப்பும் பின்னிருப்பவருக்கான கைப்பிடியும் விதி கேட்பவை. ஒற்றை இருக்கை போடும் ஆசையில் அவற்றை எறிந்துவிடாதே. அக்கா இன்னும் அந்த வண்டியில் ஏறுவாள். நிறம் மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். எதற்கு அனுமதி உண்டு என்று வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் நேரில் கேட்டுவிடு.

இன்னொன்றும் இருக்கிறது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனி வரிசையில் பதிவு செய்ய 2021 முதல் விதி உண்டு; சேசிஸும் எஞ்சினும் மாறாமல் அசலாக இருப்பவற்றுக்கே அந்தத் தகுதி. தாத்தா அதை எந்த ஆண்டு வாங்கினார் என்று அக்காவுக்குச் சரியாக நினைவில்லை. ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, தயாரிப்பு ஆண்டையும் சேசிஸ் எண்ணையும் எனக்கு எழுது. 50 ஆண்டு ஆகியிருந்தால் அந்த வண்டியை அசலாகவே புதுப்பிப்போம். கஃபே ரேசருக்கு வேறு ஒரு பழைய புல்லட் தேடித் தருவது என் பொறுப்பு. அதுவரை கட்டிங் மெஷின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா