எண் வேறு, டேட்டா வேறு

நம்பிக்கைகளும் உண்மைகளும்

உப்பளமும் மன்னார் வளைகுடாவும் இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்துக்குச் சோறு போடுகின்றன. அது போதாத வீடுகளிலிருந்து ஆட்கள் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறார்கள். கீழக்கரை, ஏர்வாடி பக்கத்தில் இப்படிப் போவதற்குச் 'சபர்' என்று பெயர், போனவர் 'சபுராளி'. ஒரு தலைமுறைக்கு முன்பு சபுராளியின் குரல் ஒலிநாடாவில் பதிவாகி, விடுமுறைக்கு ஊர் திரும்பும் யாரோ ஒருவரின் பெட்டியில் வந்து சேரும். வீட்டார் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இன்று அந்தக் குரல், முகத்தோடு சேர்ந்து, கைப்பேசி டேட்டாவில் வருகிறது.

புறப்படுகிறவருக்கு யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்த யோசனைகளில் பாதி சரி, பாதி தவறு. தவறுகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: போனில் இருக்கும் எண்ணையும் டேட்டாவையும் ஒரே பொருளாக நினைப்பது. எண் என்பது ஒருவரின் அடையாளம். வங்கி, ஆதார், யு.பி.ஐ. என்று எல்லாம் அதைத் தேடித்தான் வரும். டேட்டா என்பது அரிசி, பருப்பு மாதிரிச் சரக்கு. போன இடத்தில் மலிவாகக் கிடைத்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

நம்பிக்கை 1: வெளிநாட்டில் நம்ம சிம்முக்கு வேலை இல்லை. கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம்.

அதிகம் நஷ்டம் தரும் நம்பிக்கை இதுதான். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, ஒரு ப்ரீபெய்ட் எண்ணில் அழைப்பு, டேட்டா என எந்தப் பயன்பாடும் 90 நாள் இல்லாவிட்டால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் உயிரோடு வைத்திருப்பார்கள். அதுவும் தீர்ந்தால் எண்ணை மீட்க 15 நாள் அவகாசம். துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் சவூதிக்குப் போனவர், ஊர் திரும்பும்போது தன் எண்ணை முன்பின் தெரியாத ஒருவர் வைத்திருப்பதைக் காண நேரலாம். அவருடைய வங்கிக் கணக்கோடு அந்த எண் இன்னும் இணைந்தே இருந்தால், ஓ.டி.பி. யாருக்குப் போகும்?

ஆகவே இந்திய சிம் போனிலேயே இருக்க வேண்டும். புறப்படும் முன்பே சர்வதேச ரோமிங் வசதியை இயக்கிவைத்தால், அங்கே உள்ளூர் நிறுவனத்தின் டவரைப் பிடித்துக்கொள்ளும். குறுஞ்செய்தி பெறப் பொதுவாகக் கட்டணம் இல்லை என்பதால் ஓ.டி.பி. வந்துவிடும். ரோமிங் பேக் போடாமல் இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் காசு போகும். வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

எண்ணை உயிரோடு வைத்திருக்க டேட்டா சேர்ந்த விலையுயர்ந்த திட்டம் தேவையில்லை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 365 நாள் வரை செல்லுபடியாகும் அப்படிப்பட்ட திட்டமே சபுராளிக்குப் பொருத்தம்.

நம்பிக்கை 2: புது சிம் போட்டால் வாட்ஸாப் எண்ணும் மாறிவிடும்.

மாறாது. வாட்ஸாப் எந்த எண்ணில் பதிவானதோ அந்த எண்ணிலேயே இருக்கும். டேட்டா எந்த சிம்மிலிருந்து வந்தாலும் சரி. துபாய் சிம்மில் நெட் ஓட, வாலிநோக்கத்து எண்ணிலேயே குடும்பக் குழுவில் பேசலாம். புது சிம் போட்டதும் 'எண்ணை மாற்றவா' என்று செயலி கேட்டால், வேண்டாம் என்று சொன்னால் போதும்.

இதிலும் பழைய சிம்மைக் கழற்றாமல் இருப்பதே பாதுகாப்பு. பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் வாட்ஸாப், டெலிகிராம் போன்ற செயலிகள் இயங்க வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. இரண்டு சிம் போடும் போன் இருந்தால் சிக்கலே இல்லை: ஒன்றில் ஊர் எண், இன்னொன்றில் போன இடத்து டேட்டா.

நம்பிக்கை 3: ப்ரீபெய்ட்தானே, பில் வராது.

பில் வராது என்பது உண்மை. பேலன்ஸ் கரையாது என்பது உண்மையில்லை. ரோமிங் பேக் இல்லாமல் டேட்டா ஓடினால், வழக்கமான ரோமிங் விலையில் கணக்குப் போட்டு இருக்கும் பேலன்ஸைக் கழித்துவிடுவார்கள். போஸ்ட்பெய்டாக இருந்தால் ஊருக்கு வந்தபின் பில்லாக வரும். போனைத் தொடாவிட்டாலும் புகைப்படம் சேமிப்பகத்துக்கு ஏறும், செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வாட்ஸாப் வீடியோக்களை இறக்கும். அதனால் இந்திய சிம்முக்கு 'டேட்டா ரோமிங்' பொத்தானை அணைத்துவைத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

விமானத்துக்குள்ளும் பெரிய பயணக் கப்பல்களிலும் செயற்கைக்கோள் வழியே இயங்கும் தனி நெட்வொர்க் உண்டு. அதன் விலை கரையிலுள்ள ரோமிங்கைவிடப் பல மடங்கு. ஒரு நாட்டுக்கென்று போட்ட சாதாரண ரோமிங் பேக் அங்கே செல்லாது. இருக்கையில் உட்கார்ந்ததும் விமானப் பயன்முறையைப் போடச் சொல்வதில் பயணியின் காசுக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

நம்பிக்கை 4: தனுஷ்கோடியில் நின்றாலே இலங்கை டவர் பிடித்துப் பணத்தைப் பிடுங்கிவிடும்.

இராமநாதபுரம் கரைக்கே உரிய நம்பிக்கை இது. இதில் ஒரு பகுதி உண்மை. தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 2ஜி தொழில்நுட்பத்தில் போனுக்கும் டவருக்கும் இடையே அலை போய்வரும் நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு தூரக்கணக்கில் 35 கிலோமீட்டர். நடுவில் மலையோ கட்டடமோ இல்லாத வெறும் கடல் என்பதால் அக்கரை சிக்னல் இக்கரைக்கு எட்டுவது இயற்கை. வாலிநோக்கம் கடற்கரையிலிருந்து தலைமன்னார் நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். வழக்கமான நாட்களில் அந்தப் பிரச்சினை இங்கே எழாது.

ஆனால் திரையில் இலங்கை நிறுவனத்தின் பெயர் தெரிவதாலேயே காசு போகாது. சர்வதேச ரோமிங் இயக்கப்படாத சிம்மை அந்த டவர் ஏற்றுக்கொள்ளாது. ரோமிங் இயங்கும் சிம்மில் பேசினாலோ, குறுஞ்செய்தி அனுப்பினாலோ, நெட் ஓடினாலோதான் கட்டணம். போனின் அமைப்பில் நெட்வொர்க்கைத் 'தானாகத் தேர்ந்தெடு' என்பதை நிறுத்தி, தன் இந்திய நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்துக்கொண்டால் அக்கரை டவர் குறுக்கே வராது. சில போன்கள் அந்தப் பட்டியலில் பெயருக்குப் பதில் எண்ணைக் காட்டும். 404, 405 என்று தொடங்கினால் இந்தியா. 413 என்றால் இலங்கை.

நம்பிக்கை 5: இங்கேயும் ஏர்டெல், அங்கேயும் ஏர்டெல், எல்லாம் ஒரே விலைதான்.

ஒரே பெயர் என்பதற்காக ஒரே விலை கிடையாது. பார்தி ஏர்டெல் 2009-இல் இலங்கையில் சேவை தொடங்கியது; 2024-இல் அது அந்நாட்டு டயலாக் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. இணைவதற்கு முன்பும் இந்திய ஏர்டெல் சிம் அங்கே ரோமிங்தான். எல்லை தாண்டினாலும் ஊர் விலையிலேயே பேசலாம் என்ற சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் இருக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. பத்து நாள் கொழும்பு, யாழ்ப்பாணம் சுற்றிவர நினைப்பவர் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கிக்கொள்ளலாம்.

நம்பிக்கை 6: முதலில் நண்பர் பெயரிலோ ஏஜெண்ட் பெயரிலோ ஒரு சிம் போட்டுக்கொண்டால் போதும்.

அவசரத்துக்கு எளிதாகத் தோன்றும் இந்த வழி, பின்னால் பெரிய தொல்லையில் விடும். சவூதி அரேபியா 2016 முதல் கைரேகை பதிவு செய்தே சிம் தருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அங்கே வசிப்பவரின் எண் எமிரேட்ஸ் அடையாள அட்டையோடு கட்டப்பட்டிருக்கும். சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்ட் சிம்களுக்கு மேல் அனுமதியில்லை. ஆகவே இன்னொருவர் பெயரிலுள்ள சிம், அவர் ஊர் திரும்பிவிட்டால் நின்றுபோகும். அந்த எண்ணில் தவறான காரியம் நடந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்வியும் வரும். வந்திறங்கிய அன்று சுற்றுலா சிம் ஒன்றைத் தன் கடவுச்சீட்டில் வாங்கி, வசிப்பிட அட்டை வந்ததும் நிரந்தரத் திட்டத்துக்கு மாறுவதே சரியான வழி.

விமான நிலையக் கடையில் விலை அதிகமா என்றால், சில இடங்களில் ஆம். ஆனால் வேலைக்கு அழைத்துப்போக வந்திருக்கும் ஆளைக் கண்டுபிடிக்க அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு நெட் தேவை. சிறிய பேக்கை அங்கே வாங்கிக்கொண்டு, பெரிய திட்டத்தை ஊருக்குள் விசாரித்து வாங்கலாம். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கத்துக் கடைகளில் தமிழிலேயே விசாரிக்க முடியும்.

நம்பிக்கை 7: இ-சிம் இருந்தால் சிம் கார்டே வேண்டாம்.

இ-சிம் நல்ல வசதி. ஊரில் வீட்டு வைஃபையில் உட்கார்ந்தே வாங்கி ஏற்றிக்கொள்ளலாம்; இறங்கியதும் நெட் வரும். ஆனால் எல்லாப் போனும் அதை ஏற்காது. *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு 'இ.ஐ.டி.' என்ற நீண்ட எண்ணும் தெரிந்தால் அந்தப் போனில் இ-சிம் உண்டு. பயணிகளுக்காக விற்கும் இ-சிம்கள் பெரும்பாலும் டேட்டா மட்டும் தருபவை. அவற்றுக்கு அழைக்கும் எண் கிடையாது, ஓ.டி.பி. வராது. செல்லுபடிக் காலம் ஏற்றிய அன்று தொடங்குகிறதா, அங்கே டவர் பிடித்த அன்று தொடங்குகிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு அழித்துவிட்டால், பல இ-சிம்களை மறுபடி அதே குறியீட்டால் ஏற்ற முடியாது.

பட்டன் போன் போதும் என்று கிளம்புபவர்களும் உண்டு. சிங்கப்பூர் 2ஜியை 2017 ஏப்ரலில் நிறுத்தியது. 2024-இல் 3ஜியையும் நிறுத்தியது. மலேசியா 2021 இறுதியோடு 3ஜியை மூடியது. அந்த நாடுகளில் 4ஜி அழைப்பு வசதி இல்லாத போன் பேச உதவாது.

நம்பிக்கை 8: டேட்டா இருந்தால் வாட்ஸாப்பில் வீட்டைக் கூப்பிட்டுவிடலாம்.

நாட்டைப் பொறுத்தது. சவூதி 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகளுக்கான தடையை நீக்கியது. அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்புக்கு நெடுங்காலமாகத் தடை. எழுத்து, படம், குரல்பதிவு போகும், நேரடி அழைப்பு போகாது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளில் பேசலாம். அதே செயலி வாலிநோக்கத்தில் இருக்கும் அம்மாவின் போனிலும் இருக்க வேண்டும். மகன் விமானம் ஏறும் முன்பே அதை ஏற்றி, ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டால் பதற்றம் இருக்காது. 'வி.பி.என். போட்டுக்கொள்' என்ற யோசனையை மட்டும் கேட்கக் கூடாது. குற்றம் செய்யவோ மறைக்கவோ இப்படி இணைய முகவரியை ஏமாற்றிக் காட்டினால், அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. மாதக்கூலிக்குப் போனவரால் தாங்க முடியாத தொகை அது.

எவ்வளவு டேட்டா வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இணையக் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்.பி. போகும், ஒரு ஜி.பி.யில் முப்பது மணி நேரத்துக்கு மேல் பேசலாம். வீடியோ அழைப்பு நிமிடத்துக்கு ஐந்து எம்.பி. அளவில் எடுத்தால் அதே ஒரு ஜி.பி. மூன்று மணி நேரம்தான் தாங்கும். உயர்தரத்தில் படம் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கே மூன்று ஜி.பி. தேவைப்படும். 'அன்லிமிடெட்' என்று போட்ட திட்டங்களில் பலவும் குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைத்துவிடும். அந்த அளவு எவ்வளவு என்று கேட்டே வாங்க வேண்டும்.

நம்பிக்கை 9: இதெல்லாம் போகிறவர் பாடு, வீட்டில் இருப்பவருக்கு வேலையில்லை.

வேலை இருக்கிறது. ஊர் எண்ணின் ரீசார்ஜ் தீரும் நாளைப் பார்த்துக்கொள்வது வீட்டிலிருப்பவர் செய்யக்கூடிய காரியம். சாயல்குடியிலோ ஏர்வாடியிலோ உள்ள ரீசார்ஜ் கடையில் எண்ணைச் சொன்னாலே முடிந்தது. நீண்ட காலம் தங்குபவருக்கு இன்னொரு வழியும் உண்டு. வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை வெளிநாட்டு எண்ணிலேயே யு.பி.ஐ.யில் இணைக்க 2023 ஜனவரியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அனுமதித்தது. முதலில் அறிவித்த பத்து நாடுகளில் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் எல்லாம் இருந்தன. வங்கியில் கணக்கை மாற்றும்போதே எந்த எண்ணை இணைப்பது என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.

அதுவரை ஓ.டி.பி. வரும் அந்த ஊர் எண்ணின் ரீசார்ஜ் முடியும் தேதியை, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில், அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முந்தைய தாளிலேயே எழுதிவைக்கலாம்.