இறுதிப் பாய்ச்சலும் நேர்கோடும்

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயினின்று தோவாளை வழியாக நாகர்கோவிலை நோக்கிச் சைக்கிளில் வந்தவர் எவரும் எதிர்காற்றின் வலிமையை அறிவர். முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்று, மிதிப்பவரை ஓரடி முன்வைக்கவும் விடாது. இருவர் சேர்ந்து வருங்கால், ஒருவர் மற்றவரின் பின்னே ஒட்டிக்கொண்டு வருதலும், முன்செல்பவர் களைத்தபோது பின்வருபவர் முன்னேறி இடம் மாற்றிக்கொள்ளுதலும் இப்பாதையில் எவரும் சொல்லிக்கொடாமலே கற்கும் உபாயங்களாம். மேனாடுகளில் நடைபெறும் பெருஞ் சைக்கிள் பந்தயங்களின் சூட்சுமம் பெரும்பாலும் இவ்வெளிய உபாயத்துள் அடங்கியுள்ளது. இவ்வுபாயமே பந்தய முடிவில் அபாயமாக மாறுவது எங்ஙனம், அதனைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்ல வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். ஆதலின் தனித்துச் செல்லும் வீரர் எத்துணை வலியராயினும், முறை மாற்றி உழைத்து வரும் திரளை நெடுந்தூரம் விஞ்சி நிற்றல் அரிது. முன்செல்பவரின் காற்றுமறைவில் நெருங்கிச் செல்பவர்க்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும்; திரளின் நடுவே புகுந்தவர்க்கு மிச்சம் இதனினும் மிகுதி. ஆனால் இந்த ஊதியம் பெறுவதற்கு ஒரு விலை உண்டு. முன்னவரின் பின்சக்கரத்திற்கும் பின்னவரின் முன்சக்கரத்திற்கும் இடையே ஒரு சாண், இரு சாண் இடைவெளியே இருத்தல் வேண்டும்.

சமதரையில் நிகழும் பந்தயத்தில், இருநூறு கிலோமீட்டர் கடந்த பின்னரும் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே திரளாய் முடிவை அணுகுதல் உண்டு. அப்போது ஒவ்வொரு குழுவும் தன் விரைவு வீரரைக் காற்றினின்று மறைத்து முன்கொண்டு செல்லும். குழுவினர் ஒருவர்பின் ஒருவராய்த் தம் வலியைச் செலவிட்டு விலகுவர். முடிவுக்கோட்டிற்கு ஏறத்தாழ 200 மீட்டர் இருக்கும்போது விரைவு வீரர் மறைவை விட்டு வெளிப்பட்டுப் பாய்வர். அதன்பின் எஞ்சுவன பத்துப் பன்னிரண்டு வினாடிகளே. வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரை எட்டும். இதனையே இறுதிப் பாய்ச்சல் என்கிறோம். மறைவு தேடி ஒருவர் பக்கம் மாறுவர். முன்னவரைக் கடக்க மற்றொருவர் வெளியே வருவர். இன்னொருவர் இடைவெளி கண்டு நுழைவர். தலைகள் தாழ்ந்திருக்கும். பிரேக்கைத் தொட ஒருவர் கையும் எண்ணாது.

இவ்வேகத்தின் பொருளைக் கணக்கால் தெளிவோம். மாணாக்கர் ஒருவர் கல்லூரிக்கு வரும் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அஃதாவது வினாடிக்கு 5 மீட்டர் எனக் கொள்வோம். பந்தய வீரரின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அஃதாவது வினாடிக்கு 20 மீட்டர் எனக் கொள்வோம். வேகம் நான்கு மடங்கு. இயக்க ஆற்றலோ பதினாறு மடங்கு. விழும் பொருள்களுக்குரிய விதியின்படி, முதல் வேகம் ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரத்தினின்று விழுவதற்கும், இரண்டாவது 20 மீட்டர் உயரத்தினின்று விழுவதற்கும் ஒப்பாகும். முன்னது நம் வீட்டுத் திண்ணையினும் சற்றே உயரம். பின்னது ஓங்கி வளர்ந்த நெட்டைத் தென்னையின் உச்சி. கண்டு, உணர்ந்து, கை அசைவதற்கு அரை வினாடி செல்லுமாயின், அதற்குள் 10 மீட்டர் கடந்துபோம்.

ஆயினும் தரையில் வீழ்ந்து சறுக்கிச் செல்பவரின் ஆற்றல் சிறிது சிறிதாகச் செலவாகும். தோல் உரியும், சில சமயம் எலும்பு முறியும், உயிர் பெரும்பாலும் தப்பும். அசையாத பொருளொன்றில் மோதுபவரின் ஆற்றல் முழுவதும் ஒரு கணத்தில் உடலின்மீதே செலவாகும். தென்னை உவமை இவர்க்கே முழுதும் பொருந்தும். எனவே, வீரர் வீழ்வாரா என்பதோடு, வீழ்ந்தவர் எதில் மோதுவார் என்பதும் நாம் கேட்க வேண்டிய வினாவாகும்.

இதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், போலந்து நாட்டுப் பந்தயத்தின் முதற்கட்டம் கட்டோவிட்சே நகரில் முடிந்தது. முடிவுக்கோட்டை நோக்கிய சாலை இறக்கமாக இருந்தமையின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டியது. முன்னின்ற டைலன் குரூனவேகன் தம் நேர்வழியை விட்டு வலப்புறம் சாய்ந்தார். அப்பக்கத்தில் அவரைக் கடக்க முயன்ற பாபியோ யாக்கொப்சன் தடுப்பு வேலியில் நெருக்குண்டார். வேலி அவரைத் தாங்கவில்லை; சிதறி வீழ்ந்தது. யாக்கொப்சன் அதனூடே தூக்கியெறியப்பட்டார். முகமும் தாடையும் சிதைந்து, மருத்துவர்களால் நினைவிழந்த நிலையில் வைக்கப்பட்டு, அவர் உயிர் பிழைத்தார். நினைவிழந்து கிடந்த அவரே அன்றைய வெற்றியாளர் என அறிவிக்கப்பட்டார். குரூனவேகன் தகுதி நீக்கம் பெற்றதோடு, ஒன்பது மாதம் பந்தயங்களினின்று விலக்கவும்பட்டார்.

குற்றம் யாருடையது? நேர்வழி பிறழ்ந்தவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. அவரும் அதனை ஒப்பினார். ஆயினும் அத்துடன் விசாரணையை முடித்துக்கொள்வது நீதியன்று. பாய்ச்சலுக்கு இறக்கமான சாலையைத் தேர்ந்தவர் யார்? மோதியவுடன் சிதறும் வேலியை நிறுத்தியவர் யார்? அவ்விறக்கத்தின் அபாயத்தை வீரர் சிலர் முன்னரே எடுத்துரைத்திருந்தனர். ஒருவரைத் தண்டித்தல் எளிது. சாலையைத் திருத்துதல் பொருளும் முயற்சியும் வேண்டுவது. எளியதைச் செய்துவிட்டு அரியதை மறத்தல் மனித இயல்பு.

வீரர் எவரும் பிறரை நெருக்காதபோதும் விபத்து நேர்ந்ததற்குப் பழைய சான்றுகள் உள. 1991-இல் பிரான்சு நாட்டின் 'டூர் டி பிரான்சு' பந்தயத்தின் கடைசி நாளில், பாரிசு நகரப் பாய்ச்சலில் ஜமாலிதீன் அப்துஜபாரோவ் ஓரத்து வேலியின் விளம்பரப் பொருளொன்றில் மோதி வீழ்ந்தார். 1994-இல் அதே பந்தயத்தில், அர்மான்தியேர் நகரத்தில், காவலர் ஒருவர் புகைப்படம் எடுக்கும் ஆவலால் பாதையுள் சற்றே நீண்டு நின்றார். வில்பிரீட் நெலிசன் அவர்மீது மோத, பின்வந்த லோரான் ஜலாபேரும் வீழ்ந்து முகம் உடைந்தார். காவல் புரிய நின்றவரே இடையூறானது காண்க. ஓரங்குல அலட்சியத்திற்கும் அவ்வேகம் இடம் கொடுப்பதில்லை.

இவ்வனுபவங்களால் விதிகள் வளர்ந்தன. பாய்ச்சலைத் தொடங்கியபோது தேர்ந்துகொண்ட நேர்வழியினின்று விலகிப் பிறர்க்கு அபாயம் விளைத்தலாகாது என்பது தலையாய விதி. முடிவுக்கோட்டிற்கு முன் 300 மீட்டரும் பின் 100 மீட்டரும் இருபுறமும் வேலி இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. சமதரைக் கட்டங்களில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் வீழ்ந்தவர்க்குத் தாம் இருந்த திரளின் நேரமே அளிக்கப்படும். பாய்ச்சலில் பங்குகொள்ளாதோர் முன்னணியில் முட்டி மோதாதிருக்க இது துணைசெய்யும். 2003-இல் பாரிசு–நீசு பந்தயத்தில் வீழ்ந்து ஆந்திரேய் கிவிலியோவ் உயிர்நீத்த பின்னர், அவ்வாண்டிலேயே தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 2025 முதல், தவறிழைப்போர்க்கு மஞ்சள் அட்டை காட்டும் முறையும் வந்துள்ளது; ஒரே பந்தயத்தில் இருமுறை அட்டை பெற்றவர் பந்தயத்தை விட்டு நீங்குதல் வேண்டும்.

அபாயமின்றேல் பந்தயத்தில் சுவையில்லை என்பாரும் உளர். இவர் கூற்றை யாம் ஏலோம். காண்போரின் நெஞ்சைத் துடிக்கச் செய்வது, நெடுந்தூரம் உழைத்த கால்கள் இறுதிக் கணத்தில் எஞ்சிய வலியனைத்தையும் கொட்டுவதேயன்றி, எலும்பு முறிவதன்று. வேலியைச் செம்மைப்படுத்தியதால் எப்பாய்ச்சலும் வேகம் குன்றியதில்லை. யாக்கொப்சன் மீண்டும் பயின்று, 2022 ஜூலை 2-இல் டென்மார்க்கின் நைபோர்க் நகரில் டூர் டி பிரான்சின் ஒரு கட்டத்தை வென்றார். மறுநாளே சோண்டர்போர்க் நகரில் குரூனவேகன் வென்றார். வீழ்ந்தவரும் வீழ்த்தியவரும் அடுத்தடுத்த நாளில் வென்ற அக்காட்சியின் சுவை எந்த விபத்திலும் கிடைப்பதன்று.

தொலைவிலுள்ள வீரரின் கதை நமக்கு எதற்கு எனலாம். அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் அரசு நடத்தும் மிதிவண்டிப் போட்டி நம் நாகர்கோவிலிலும் நடைபெறுகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவு. மாணவர்க்கு 15 முதல் 20 கிலோமீட்டர், மாணவியர்க்கு 10 முதல் 15 கிலோமீட்டர் தூரம். நம் நாட்டிற் செய்த சாதாரண மிதிவண்டியே கொணர்தல் வேண்டும். இச்சிறார் மேனாட்டு வீரரினும் மெல்லவே செல்வர் என்பது மெய். ஆனால் அவர்க்குப் பயிற்சி குறைவு, ஆர்வமோ குறைவில்லை. கடைசி நூறு மீட்டரில் எவரும் எழுந்து நின்றே மிதிப்பர்.

ஆதலின் இத்தகைய போட்டி நடத்துவோர், முடிவுக்கோட்டை நேரான, அகன்ற, இறக்கமில்லாத இடத்தில் அமைத்தல் நன்று. அதன் முன்னே வேகத்தடையோ, மணலோ, நிறுத்திய வண்டியோ இருத்தலாகாது. கோட்டைக் கடந்தபின் வேகம் தணிதற்குப் போதிய வெளி வேண்டும். வாழ்த்த வரும் பெற்றோரும் நண்பரும், படம் எடுக்கும் ஆவலுடையோரும் பாதைக்குப் புறத்தே நிற்றல் வேண்டும். போட்டியிடுவோர் தலைக்கவசம் அணிக. பிரேக்கை முன்னாளே சோதிக்க. பாய்ச்சலில் தாம் கொண்ட கோட்டை விடாதிருக்க. கோட்டைக் கடக்குமுன் கை உயர்த்தாதிருக்க.

நம் கல்வி நிலையங்களின் விளையாட்டு விழாக்களில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் பந்தயம் ஒன்று உண்டு. கடைசியில் வருபவரே அதில் வென்றவர். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அடுத்தவர் பாதையுள் புகுந்தவரும் காலூன்றியவரும் நீக்கப்படுவர். உலகின் மிக விரைந்த பந்தயத்திற்கும் நம் மைதானத்தின் மிக மெதுவான பந்தயத்திற்கும் விதி ஒன்றே: உன் கோட்டில் நில். மெதுவான பந்தயத்தில் அதனை மீறியவர் பரிசை இழப்பர். விரைந்த பந்தயத்தில் மீறியவரால் அயலார் உயிரிழக்கவும் கூடும். வெல்லும் விருப்பம் மிக்கெழும் கணத்தில் அயலாரின் உயிர் நம் கையிலும், நம் உயிர் அயலார் கையிலும், இருவர் உயிரும் பாதை அமைத்தோர் கையிலும் இருக்கின்றன. இதனை உணர்ந்து ஓடுவோரும் ஓட்டுவிப்போரும் நம் நாட்டில் பெருகுவாராக.