வெளிநாட்டு விமானம் ஓட்ட விரும்பும் பிள்ளைகளுக்கு

துபாய், தோகா என்று ஆசையோடு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, லாக்புக்கில் (பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில்) எத்தனை மணி இருக்கிறது என்பதைத்தான்.

1. பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். இரண்டாம் வகுப்புச் சான்று, பிறகு முதல் வகுப்புச் சான்று. கண்ணில் நிறக்குறை இருப்பது, அப்பா நிலத்தை விற்றுப் பணம் கட்டிய பிறகு தெரியவரக் கூடாது.

2. இந்தியாவில் சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) வாங்க 200 மணி பறந்திருந்தால் போதும். அதை மட்டும் வைத்துக்கொண்டு வளைகுடா நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். வெளியூர் ஆட்களை அவர்கள் எடுப்பது பெரும்பாலும் அனுபவத்துக்காக. இரண்டு விமானிகள் சேர்ந்து ஓட்டும் ஜெட்டில் எவ்வளவு பறந்திருக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். அதைச் சேர்க்க நம் நாட்டு நிறுவனமே நல்ல இடம். ஏர்பஸ் ஏ320-இல் துணை விமானியாக உட்காருங்கள். 1,500 மணி சேர்ந்ததும், கேப்டனாகத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமத்தை எடுங்கள். ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானம் கிடைத்தாலும் தட்டிக் கழிக்காதீர்கள். ஒரே நாளில் பலமுறை சின்ன ஓடுபாதைகளில் ஏறி இறங்கினால் கை நன்றாகப் பழகும். என்னைக் கேட்டால், முடிந்தவரை இங்கே கேப்டன் ஆன பிறகு கிளம்புங்கள் என்பேன். அங்கே மறுபடி துணை விமானியாகச் சேர நேரலாம். ஆனாலும் கேப்டன் மணி கையில் இருப்பவருக்குத் திரும்பி வர ஒரு வழி உண்டு.

3. வேலை உறுதியாகாமல் கடன் வாங்கி டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி) செய்யாதீர்கள். சிமுலேட்டர் முடித்துவிட்டு விமானம் ஏறாமல் வீட்டில் இருந்தால் அது காலாவதியாகும். கடன் மட்டும் நிற்கும்.

4. லாக்புக்கில் அரை மணிகூடக் கூட்டி எழுதாதீர்கள். உங்கள் உரிமம் உண்மையா என்று வெளிநாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம், நம் நாட்டு ஆணையமான டி.ஜி.சி.ஏ.விடம் கேட்டுச் சரிபார்க்கும். 2011-இல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள்.

5. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. ஆங்கிலத்தில் கேட்பது குறைந்தது நான்காம் நிலை. சொல்வது தெளிவாகப் புரிந்தால் போதும், உச்சரிப்பில் ஊர்வாடை இருந்தால் பாதகமில்லை. ஆனால் வானொலியில் சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் மறுபடி கேளுங்கள். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். சொன்னது ஒன்று, புரிந்துகொண்டது ஒன்று என்று ஆனதும் அதற்கு ஒரு காரணம்.

6. ஐரோப்பாவுக்கு இந்திய உரிமம் அப்படியே செல்லாது. விமானி உரிமத்துக்கான 13 எழுத்துத் தேர்வுகளையும் அங்கே எழுத வேண்டும். அமெரிக்க நிறுவனங்கள் அந்நாட்டில் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்கும்.

7. இந்திய நிறுவனத்தை விட்டு விலக, 2017-இல் டி.ஜி.சி.ஏ. வகுத்த விதிப்படி துணை விமானி ஆறு மாதம், கேப்டன் ஒரு வருடம் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். புதிய நிறுவனத்திடம் நேர்காணலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

8. ஒப்பந்தத்தில் சம்பளப் பக்கத்தைவிட வேலைநீக்கப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். 2020-இல் கொரோனா வந்தபோது வளைகுடாவில் வேலை இழந்த விமானிகள் பலருக்கு வீடு, விசா, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் சேர்ந்து போயின. அதனால் எங்கே பறந்தாலும் இந்திய உரிமத்தையும் மருத்துவச் சான்றையும் காலாவதியாக விடாதீர்கள். விடுப்பில் ஊருக்கு வரும்போதே புதுப்பித்துவிடுங்கள்.